மஞ்சள் ஏறிய ஊக்கு

திங்கட்கிழமை காலை துணி ஊறவைக்கும்போது, சூரிபாபுவின் காக்கிச் சட்டைப் பைக்குள் விட்ட விரலில் ராஜ்யத்துக்கு ஏதோ சுருக்கென்று குத்தியது. வெளியே எடுத்துப் பார்த்தாள். ஓர் ஊக்கு.

வேறொருத்தியாக இருந்தால் எடுத்த கையோடு அதைத் தன் தாலியில் மாட்டிக்கொண்டு அடுத்த சட்டைக்குப் போயிருப்பாள். பீமவரத்தில் கல்யாணமான பெண்கள் ஊக்கை வைத்துக்கொள்ளும் இடம் அதுதான். தாலிப் பொட்டு இரண்டுக்கும் பக்கத்தில் நாலோ ஐந்தோ தொங்கும். பாவாடை நாடா உள்ளே போய்விட்டால் அதில் ஒன்றைக் கழற்றுவார்கள். காலில் முள் ஏறினாலும் ரவிக்கைக் கொக்கி அறுந்தாலும் அதுவேதான். கூட்டமான பஸ்ஸில் பின்னால் நிற்கிறவனுக்குக் கை நீண்டால், சத்தம் போடாமல் ஒன்றைக் கழற்றித் திறந்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த ஸ்டாப்பில் அவனே இறங்கிவிடுவான். தாலியில் இரும்பு தொங்கக் கூடாது என்று புரோகிதர் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் ஒருநாள் புடவை கட்டிப் பார்த்தால் தெரியும்.

ராஜ்யத்துக்கு ஊக்குதான் பிழைப்பு. ஊரில் பெரிய வீட்டுக் கல்யாணம் எது நடந்தாலும் மணப்பெண்ணுக்குப் புடவை கட்டிவிட அவளைத்தான் கூப்பிடுவார்கள். தோள் மடிப்புக்குத் தடித்த ஊக்கு, கொசுவத்துக்கு நடுத்தரம், தலையில் முக்காட்டைப் பிடிக்க மயிரிழை போல ஒன்று. பட்டு இழை ஊக்கின் சுருளில் மாட்டிக் கிழியாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி முத்தைக் கோத்து, அளவு வாரியாகச் சிவப்புத் துணிப் பட்டையில் குத்தி வைத்திருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எது எந்த அளவு என்று சொல்லிவிடுவாள்.

ஆகவே, கையில் இருந்தது தன்னுடையது இல்லை என்பது அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தடிமனான, பழைய ஊக்கு. தொப்பி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. முனையில் பழுப்பாக ஒரு புள்ளி. துரு என்று நினைத்தாள். பிறகு சுருளைத் திருப்பிப் பார்த்தாள். சுருளின் இடுக்கில் மஞ்சள் ஏறியிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் மஞ்சள் இல்லை, வருஷக்கணக்கான மஞ்சள்.

ராஜ்யத்தின் தாலி தங்கச் சங்கிலியில் இருக்கிறது. ஊக்கில் மஞ்சள் ஏற வேண்டுமென்றால் அது மஞ்சள் சரட்டில் தொங்கியிருக்க வேண்டும். தினமும் குளிக்கும்போது சரட்டுக்கு மஞ்சள் தேய்க்கிறவள் ஒருத்தியின் கழுத்தில் கிடந்திருக்க வேண்டும். அவள் கழற்றிக் கொடுக்காமல் அது ஓர் ஆண்பிள்ளையின் சட்டைப் பைக்கு நடந்து வராது. கழற்ற வேண்டுமென்றால் ரவிக்கைக்குள் கிடக்கும் சரட்டை வெளியே இழுக்க வேண்டும். அதற்கு மேல் யோசிக்கக் கூடாது என்று ராஜ்யம் முடிவு செய்தாள். மனசு கேட்கவில்லை, யோசித்துக்கொண்டே போனது.

கத்தியிருக்கலாம். அவள் கத்தவில்லை. துவைத்து மடித்து வைத்திருந்த மறு சட்டையின் பையில் அந்த ஊக்கைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல இருந்துவிட்டாள். வேண்டாத பொருள் என்றால் தூக்கிப் போடுவான், வேண்டிய பொருள் என்றால் பத்திரப்படுத்துவான், பார்த்துவிடலாம் என்று.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஊக்கு பர்ஸுக்குள் இருந்தது. அதுவும் திருப்பதி பெருமாள் படத்துக்குப் பின்னால்.

சூரிபாபுவுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கு வெளியே இருக்கும் இன்ஜினீயரிங் காலேஜ் பஸ்ஸை ஓட்டுகிறான். இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. ராத்திரி பஸ் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும், சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். பெண்ணை ராஜமகேந்திரவரத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இந்த மனிதன்மேல் சந்தேகப்பட இத்தனை வருஷம் ராஜ்யத்துக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை. கிடைத்தபிறகு பார்த்தால் காரணங்கள் வீடு முழுக்க இறைந்து கிடந்தன.

முதலில் ஷூ. வாழ்நாள் முழுக்கச் செருப்புப் போட்டவன், பத்து நாளாகக் கறுப்பு ஷூவும் சாக்ஸும் போடுகிறான். வீட்டுக்குள்ளும் சாக்ஸைக் கழற்றுவதில்லை. குளியலறைக்குள் போனால் தாழ்ப்பாள் போட்டு அரைமணி நேரம். ஆத்ரேயபுரத்திலிருந்து வந்த பூதரேக்கு இனிப்பு டப்பாவைப் பார்த்துவிட்டு, "எனக்கு வேணாம், நீ சாப்பிடு" என்றான். ஒரே உட்காரலில் ஆறு தின்கிற வாய் அது. யாருக்காக இளைக்கிறான்? செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறான், கேட்டால் டீசல் போட்டேன் என்கிறான். போன மாசம் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு தெருவில் நடந்து வந்தான். இன்னொன்று வழியில் எங்கேயோ கழன்று கிடக்கிறது, இவனுக்குத் தெரியவேயில்லை. அன்றைக்குத் தெருவே சிரித்தது, ராஜ்யமும் சேர்ந்து சிரித்தாள். ஒரு மனுஷனுக்குக் காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மனசு எங்கே போயிருந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "ஏமண்டி, உங்க பர்ஸ்ல ஒரு ஊக்கு இருக்கே, அது என்னாத்துக்கு?"

டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "ஊக்கா? அது... செருப்பு வார் பிஞ்சிருச்சு. அதுக்கு வச்சேன்."

"நீங்கதான் பத்து நாளா ஷூ போடறீங்களே."

"ஷூவுக்கு முன்னாடி செருப்புதானே போட்டேன்? பர்ஸையெல்லாம் எதுக்குக் குடையறே?"

"சில்லறை வேணும்னு பார்த்தேன்."

"சில்லறை கிடைச்சுதுல்ல? விடு."

புதன்கிழமை அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே ஆரம்பித்தான். "அந்த ஊக்கு கேட்டியே ராஜ்யம், ஃபோன்ல சிம் மாத்தணும்னு வச்சிருக்கேன். அந்த ஓட்டைக்குள்ள குத்தித்தான் எடுக்கணுமாம்." கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுகிற ஆண்பிள்ளையை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? அவன் குளிக்கப் போனதும் ஃபோனை எடுத்து அந்த ஓட்டையில் ஊக்கின் முனையை வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. தன் பட்டையிலிருந்து முக்காட்டு ஊக்கை எடுத்து வைத்தாள், வழுக்கிக்கொண்டு போனது.

வியாழக்கிழமை அந்த ஊக்கு பஸ் ஜன்னல் திரைக்கு என்று ஆகிவிட்டது. திரை காற்றில் பறக்கிறதாம், பிள்ளைகள் முகத்தில் வெயில் அடிக்கிறதாம். ராஜ்யம் தெருமுனைக்கு நடந்து போய் மரத்தடியில் நின்ற பஸ்ஸை ஒருமுறை சுற்றி வந்தாள். எந்த ஜன்னலிலும் திரையே இல்லை. ஒரே ஊக்கை வைத்துக்கொண்டு மூன்று நாளில் மூன்று தொழில் பார்த்துவிட்டான் மகராசன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் எதிர்வீட்டு மங்கதாயாரு முருங்கைக்கீரையோடு வந்தாள். அவள் கீரையோடு மட்டும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவள் மகள் ஸ்ரவந்தி படிப்பது அதே காலேஜில், போவது அதே பஸ்ஸில்.

"வதினா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அண்ணய்யாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன்? நல்லாத்தானே இருக்கார்."

"இல்ல, ஸ்ரவந்தி சொன்னா. இப்பல்லாம் பிரேக் போட்டா எல்லாரும் முன்னாடி வந்து விழறாங்களாம். நேத்து ரயில்வே கேட் கிட்ட நிறுத்தினதுல இவ நெத்தி முன் கம்பியில இடிச்சு எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீங்கியிருக்கு. அங்கிள் ஏதோ கனவுல ஓட்டறார் மம்மீங்கறா."

ராஜ்யம் கீரையை ஆயத் தொடங்கினாள். மங்கதாயாரு குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணு. நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது. இன்னைக்குக் குணுபூடிப் பக்கம் சந்துல போறேன், ஒரு பச்சை கேட்டு வீடு. பின் பக்கப் படியில அண்ணய்யா இறங்கறார். பக்கத்துல ஒருத்தி."

"ஒருத்தின்னா?"

"அம்பது வயசு இருக்கும். நல்ல உசரம். கழுத்துல கயிறு மாதிரி மஞ்சச் சரடு. அண்ணய்யா கையைப் பிடிச்சு, படி படியா இறக்கி விடறா வதினா, புது மாப்பிள்ளையை இறக்கற மாதிரி. அவர் என்னவோ சொல்றார், இவ சிரிக்கறா."

"மஞ்சச் சரடுல ஊக்கு தொங்குச்சா?"

"ஊக்கா?" மங்கதாயாரு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "புருஷன் கையை ஒருத்தி பிடிச்சிருக்காங்கறேன், நீ ஊக்கைப் பத்திக் கேக்கறே. உனக்கு இந்தத் தொழில் தலைக்கு ஏறிருச்சு வதினா."

அம்பது வயசு என்பது ராஜ்யத்தை என்னவோ செய்தது. சின்னவளாக இருந்தால் அந்த வயசைத் திட்டியிருக்கலாம். தன்னைவிட மூத்தவளிடம் போயிருக்கிறான் என்றால் தன்னிடம் எது குறைந்து போனது? அன்று சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. சூரிபாபு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். குற்றமுள்ளவன்தான் உப்புக் கரிக்கிற குழம்பைச் சத்தமில்லாமல் சாப்பிடுவான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை அவன் குளிக்கும்போது பர்ஸிலிருந்து ஊக்கை எடுத்துத் தன் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். வெளியே வந்தவன் பர்ஸைத் திறந்தான். பெருமாள் படத்தைத் தூக்கிப் பார்த்தான். பிறகு பர்ஸைக் கட்டில்மேல் கவிழ்த்துக் கொட்டினான். கீழே குனிந்து தரையைத் தடவினான். காலேஜுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது, தெருமுனையில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள், இவன் ஓர் ஊக்குக்காகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறான்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த ஊக்கு..."

"ஊக்குதானே? இந்த வீட்டுல ஊக்குக்கா பஞ்சம்?" சிவப்புப் பட்டையிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். "இந்தாங்க."

வாங்கினான். விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தான். "இது வேணாம். ரொம்ப மெல்லிசு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ராஜ்யம் கொடுத்தது மெல்லிசாம். அந்த மஞ்சள் சரட்டுக்காரி கொடுத்ததுதான் வேண்டுமாம். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியதற்கு இந்தப் பேச்சையும் கேட்டாயிற்று.

பத்து மணிக்கு அவள் குணுபூடிச் சந்தில் நின்றாள். பச்சை கேட்டைத் தள்ளிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். அங்கே நீளமாக ஒரு பெஞ்சு, பெஞ்சில் வரிசையாக நாலு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் செருப்பைக் கழற்றி விட்டிருந்தார்கள். ஒருத்தனுக்கே அழுது தீரவில்லை, இங்கே வரிசையே நிற்கிறதே.

உள்ளேயிருந்து ஒருத்தி வந்தாள். மங்கதாயாரு சொன்னது சரிதான். உசரம், அம்பது வயசு, தாம்புக்கயிறு போல மஞ்சள் சரடு. அவள் நடக்க நடக்கச் சரட்டில் கொத்தாக ஊக்குகள் கிலுகிலுத்தன.

"யாரம்மா நீ? டோக்கன் வாங்கினியா?"

"இதுக்கு டோக்கன் வேறயா?" என்றாள் ராஜ்யம். தலைப்பிலிருந்து ஊக்கைக் கழற்றி அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது யாருது? உன்னுதா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட, தொப்பி நசுங்கினது! என்னுதுதான். என் கல்யாணத்துலேர்ந்து கிடந்தது இது. உனக்கு எங்க கிடைச்சுது?"

"என் வீட்டுக்காரர் பர்ஸுல. பெருமாள் படத்துக்குப் பின்னாடி."

"உன் வீட்டுக்காரர்னா யாரு?"

"யாரா? காலேஜ் பஸ் ஓட்டற சூரிபாபு. கையைப் பிடிச்சுப் படியிறக்கத் தெரிஞ்சவளுக்குப் பேர் தெரியாதா? பேரன் எடுக்கற வயசுல வெக்கமா இல்ல உனக்கு?"

பெஞ்சில் இருந்த நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் ராஜ்யத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா கதையை? இந்தப் படியில நான் கையைப் பிடிச்சு இறக்காத ஆம்பளை உங்கள்ல யாராவது இருக்கீங்களா?"

"என்னை ரெண்டு கையையும் பிடிச்சில்ல இறக்கினே, சேஷாரத்னம்" என்றார் ஒரு கிழவர். "என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிராதே."

அவர்கள் சிரித்தார்கள். ராஜ்யத்துக்கு அப்போதுதான் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. உள் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு மேஜைமேல் ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். டாக்டர் அவர் காலருகே குனிந்து நின்று, பாதத்தில் எதையோ வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"இங்க தெரியுதா?"

"தெரியுதுங்க."

"இங்க?"

மேஜைமேல் இருந்தவர் பதில் சொல்லவில்லை. கேள்வி தன்னிடம்தான் என்று அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

"அதுக்குத்தான்மா அந்த ஊக்கு" என்றாள் சேஷாரத்னம். குரல் இப்போது இறங்கியிருந்தது. "அன்னைக்கு டாக்டரோட ஊசி தீர்ந்துபோச்சு. ரத்னம், ஒரு ஊக்கு குடுன்னார். சரட்டுலேர்ந்து கழட்டி ஸ்பிரிட்ல துடைச்சுக் குடுத்தேன். அப்புறம் உன் வீட்டுக்காரர், சட்டைப் பட்டன் அறுந்துருச்சு, இதை நான் வச்சுக்கட்டுமான்னு கேட்டார். ஒரு ஊக்குதானேன்னு விட்டுட்டேன்."

"அவருக்கு என்ன?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. அவர் வாயாலதான் வரணும்." கொஞ்சம் தயங்கினாள். "வீட்டுக்குப் போய் சாக்ஸைக் கழட்டச் சொல்லு."

ராஜ்யம் திரும்பி இரண்டு அடி வைத்தாள். பின்னாலிருந்து சேஷாரத்னம் கேட்டாள். "இன்னும் பஸ் ஓட்டறாரா?"

"ஆமா. காலைலகூட எடுத்துட்டுப் போனார்."

சேஷாரத்னத்தின் கை தன்னையறியாமல் சரட்டைப் பிடித்துக்கொண்டது. பிறகு அந்த ஊக்கை மறுபடி ராஜ்யத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

வரும் வழியெல்லாம் ராஜ்யத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வேறொருத்தி இல்லை. குளத்தங்கரையில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிடலாம் போல இருந்தது. அந்தச் சிரிப்பு ரயில்வே கேட் வரைக்கும்தான் வந்தது. அங்கே கேட் மூடியிருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றுகொண்டிருந்தது. அதன் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருந்த தூரத்தை அவள் பார்த்தாள். ஸ்ரவந்தி நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது நினைவுக்கு வந்தது. ஒற்றைச் செருப்பும் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை காலேஜ் அரைநாள். மூன்று மணிக்கு சூரிபாபு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். ராஜ்யம் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள்.

"ஏமே, என்ன இது? விடு, நான் கழட்டிக்கறேன்."

"பச்சை கேட்டு வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

அவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான். அவள் சாக்ஸை உருட்டிக் கழற்றினாள். உள்ளங்கால் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். சில ஆறியவை, சில காய்ந்த ரத்தம் கட்டியவை. பெருவிரலின் கீழே வரிசையாக, தையல் போட்டதுபோல. ஊக்கின் முனையில் அவள் பார்த்த பழுப்பு, துரு இல்லை.

"எத்தனை நாளா?"

"சுகர் ரெண்டு வருஷமா இருக்குமாம். எனக்கே போன மாசம்தான் தெரியும். காலு ரெண்டும் பஞ்சுமேல நடக்கற மாதிரி இருந்துச்சு." அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். "டாக்டர் மூணு மாசம் வண்டியே தொடாதேன்னுட்டார். தொடாம? ஆபீஸ்ல சொன்னா அன்னைக்கே வேற ஆளைப் போடுவாங்க. ஸ்டீயரிங்கை விட்டா நான் யாரு, சொல்லு? எனக்கு வேற என்ன தெரியும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ சாவியைப் பிடுங்கிக்குவே."

அது உண்மைதான்.

"நான் ஒண்ணும் கண்ணை மூடிட்டு ஓட்டலை ராஜ்யம்" என்றான். குரலில் இப்போது ஒரு கெஞ்சல். "தினமும் காலையில பஸ்ல உட்கார்ந்து குத்திப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கறேன். தெரியுது. சத்தியமா தெரியுது. மெல்லிசு ஊக்குன்னா அவ்வளவா தெரியல, இந்தத் தடிச்சது நல்லாத் தெரியுது. தெரியலைன்னா நானே நிறுத்திருப்பேன். அறுபது பிள்ளைங்க இருக்காங்க, எனக்குத் தெரியாதா?"

"பார்த்துக்கிட்டே குத்துவீங்களா?"

"பார்க்காம எப்படிக் குத்தறது?"

ராஜ்யம் எழுந்து அடுப்பில் வெந்நீர் வைத்தாள். ஊக்கை அதில் போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்தாள். சுருளில் இருந்த மஞ்சள் அப்போதும் போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து அவன் வலது காலை மடியில் வைத்துக்கொண்டாள். பிரேக் மிதிக்கிற கால்.

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க. நான் குத்தறேன். தெரியற இடத்துல சொல்லுங்க."

அவன் லேசாகச் சிரித்தான். அவன் ஜெயித்துவிடுவான் என்று அவனுக்கு நம்பிக்கை இருந்தது. கண்ணை இறுக்கி மூடி, ஊசி போடக் காத்திருக்கிற குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "உம், குத்து. சொல்றேன்."

பட்டு இழை நகராமல் குத்திப் பழகிய கை அது. பெருவிரலின் நுனியில் முனையை வைத்து மெல்ல அழுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படியே இருந்தது. அடுத்த விரல். அதற்கடுத்தது. சுண்டுவிரலில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாள், அவன் கால் அசையவில்லை. விரல்களுக்குக் கீழே இருக்கும் மேட்டுக்கு வந்தாள். பிரேக்கை மிதிக்கிற இடம் அதுதான். அங்கே மூன்று இடத்தில் வைத்தாள். மூன்றாவது இடத்தில் சிவப்பாக ஒரு துளி கிளம்பியது.

அவன் இன்னும் அதே சிரிப்போடு காத்திருந்தான்.

அந்த ஊக்கு வேறொருத்தி கொடுத்ததாகவே இருந்திருக்கலாம் என்று ராஜ்யத்துக்கு அப்போது தோன்றியது. அந்த மஞ்சள் சரட்டுக்காரியோடு தெருவில் நின்று மயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். அழுதிருக்கலாம், பெண் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம், இவனைக் காலில் விழவைத்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இதை யாரோடு சண்டை போட்டு மீட்பது? தலைப்பின் ஓரத்தால் அந்தத் துளியை ஒற்றி எடுத்துவிட்டு, நடுப்பாதத்தைத் தாண்டி, குதிகால் வரைக்கும் வந்து ஊக்கை மூடினாள். அது மூடிய சத்தம் அவனுக்குக் கேட்டது.

"என்னமே, திறந்து திறந்து மூடிட்டு இருக்கே? பயப்படாதே, எனக்கு வலிச்சா வலிக்கட்டும்" என்றான் சூரிபாபு, கண்ணைத் திறக்காமல். "ஆரம்பி."

"முடிச்சிட்டேங்க" என்றாள்.

அவன் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. போவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணை அவன் திறக்கவேயில்லை. மூடிய கண்ணோடு சட்டைப் பையைத் தடவி, பஸ் சாவியை எடுத்து, அவள் மடி எங்கே இருக்கிறது என்று கையால் துழாவிப் பார்த்து அதில் வைத்தான்.